ஜப்தி ஆகாத கஜானா

அரசு பஸ்ஸை ஜப்தி செய்யக் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது. கோர்ட்டே தவறிழைத்தால் யாரை ஜப்தி செய்வது?

ரெட்டிபாளையம் பக்கம் போகிறவர்கள் முதலில் பார்ப்பது புழுதியை. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் ஆலை, வரிசைகட்டி ஓடும் டிப்பர்கள். வி.கைகாட்டி, அரியலூர் சாலைகளில் லாரி மோதிக் காலை இழந்தவர் வீடும், குடும்பத் தலைவரையே இழந்த வீடும் உண்டு. அந்த வீடுகளில் கோர்ட் பாஷை சாதாரணமாகப் புழங்கும். 'கேஸ் போட்டாச்சு', 'அவார்டு ஆயிடுச்சு', 'இன்னும் பணம் வரல', 'இ.பி. போட்டிருக்கோம்'. இ.பி. என்பது நிறைவேற்று மனு. தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராதவர்கள் ஏறும் இரண்டாவது படிக்கட்டு அது.

அந்தப் படிக்கட்டின் உச்சியில் எடுக்கப்படும் ஒரு புகைப்படம் தமிழ்ப் பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்தில் அரசு பஸ் நிற்கிறது, பயணிகள் இறங்கி நிற்கிறார்கள், கண்டக்டர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், கோர்ட் அமீனா முன்பக்கக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுகிறார். விபத்து இழப்பீட்டைக் கட்டாததால் பஸ் ஜப்தி. இதே படம் வேறு சில நாட்களில் கலெக்டர் அலுவலக வாசலில் எடுக்கப்படும். நிலம் எடுத்தவர்கள் கூடுதல் இழப்பீடு தரவில்லை என்பதால் ஜீப்பும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் ஜப்தி. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த மாவட்டம் இது. ஆகவே இங்கே யாருக்கும் 'ஜப்தி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அந்தப் படம் பிடிக்கும். மாதச் சம்பளம் சொற்பமான ஒரு கோர்ட் ஊழியர், ஒரு காகிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மாநில அரசின் வண்டியை நிறுத்துகிறார். சட்டத்தின் ஆட்சி என்று மேடையில் முழங்குவதெல்லாம் தரையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்த ஒட்டிய நோட்டீஸைத்தான் காட்டுவேன். ஆனால் அதே படம் ஒரு கேள்வியையும் கிளப்புகிறது. பஸ் மோதினால் போக்குவரத்துக் கழகம் கட்ட வேண்டும், நிலம் எடுத்தால் கலெக்டர் கட்ட வேண்டும். கோர்ட்டே தவறாக ஒருவரைச் சிறைக்கு அனுப்பினால்? தவறான வீட்டுப் பொருளை ஏலம் விட்டால்? அப்போது எந்த அமீனா, யார் வாசலுக்கு வருவார்?

ஒருவரும் வரமாட்டார். அதற்கு 1850ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம், 1850ஆம் ஆண்டின் 18ஆவது சட்டம். கம்பெனி ஆட்சியில் எழுதப்பட்டு, ராணியின் ஆட்சியையும் குடியரசையும் கடந்து இன்றும் உயிரோடு இருக்கிறது. சொல்லத்தக்க பிரிவு ஒன்றுதான் அதில். அதன் முதல் பாதி நீதிபதி, மாஜிஸ்திரேட், கலெக்டர், நீதி வழங்கும் வேலையில் இருக்கும் வேறு எவரையும் பற்றியது. தன் நீதிக் கடமையில் செய்த எதற்காகவும் அவர்மேல் சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. தன் அதிகார எல்லைக்கு வெளியே போயிருந்தாலும்கூட, எல்லைக்குள் இருப்பதாக அவர் நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால் போதும். இரண்டாம் பாதி அவர் உத்தரவைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வருகிறவரைப் பற்றியது, அதாவது அமீனாவைப் பற்றியது. உத்தரவு போட்டவருக்கு அதிகாரம் இருந்திருந்தால் எந்த உத்தரவை நிறைவேற்றக் கடமைப்பட்டிருப்பாரோ, அதை நிறைவேற்றியதற்காக அவர்மேலும் வழக்கு இல்லை.

இந்த இரண்டாம் பாதியைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. கிராமத்து மனிதர் நேருக்கு நேர் பார்க்கிற நீதித்துறையோ பெரும்பாலும் இவர்தான். நீதிபதியை வாய்தா அன்று தூரத்தில் இருந்து பார்க்கலாம், அதுவும் வக்கீலின் கறுப்பு அங்கிக்கு மேலே எக்கித்தான். அமீனா வீட்டுத் திண்ணைக்கே வருகிறார்.

அவருக்கு என்ன அதிகாரம், என்ன கிடையாது என்பதை உரிமையியல் நடைமுறைச் சட்டம், நம் ஊர்ப் பேச்சில் சி.பி.சி., ஆச்சரியப்படும் அளவுக்கு நுணுக்கமாக எழுதி வைத்திருக்கிறது. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் ஜப்திக்காக ஒருவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைக்கக் கூடாது. வீடு கடன்பட்டவரின் வசத்திலேயே இருந்து, அவர் உள்ளே விட மறுத்தால் மட்டுமே உடைக்கலாம். வழக்கப்படி வெளியார் முன் வராத பெண்கள் இருக்கும் அறை என்றால் முதலில் சொல்லிவிட்டு, அவர்கள் விலகிப் போக நேரமும் வசதியும் தர வேண்டும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவி, விவசாயியின் ஏர் முதலான சாமான்கள், பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் மாடும் விதை தானியமும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையும் அப்படியே. தாலியில் அமீனா கை வைக்க முடியாது. பணத்துக்கான டிக்ரியில் பெண்ணைக் கைது செய்யவும் முடியாது.

பாதுகாப்பு எதுவரை என்பது இங்கே தெரிகிறது. 1850இன் சட்டம் காப்பது உத்தரவை நிறைவேற்றுவதை. உத்தரவில் இல்லாததைச் செய்வதை அல்ல. இருட்டிய பிறகு சுவர் ஏறிக் குதித்தால், அண்ணன் கடனுக்குத் தம்பியின் தனி வீட்டுப் பூட்டை உடைத்தால், எந்தக் கோர்ட் முத்திரையும் அவருக்குத் துணைக்கு வராது. தம்பியின் மோட்டார் பைக்கை அண்ணனுடையது என்று தவறாக எடுத்துப் போய்விட்டால், சி.பி.சி. 21ஆம் கட்டளை 58ஆம் விதிப்படி அதே கோர்ட்டில் ஆட்சேப மனு போட்டு மீட்கலாம். தீர்ப்புக்கு முன்பே, போதிய காரணம் இல்லாமல் எதிராளியின் சொத்தை ஜப்தி செய்யவைத்த வாதியிடம் 95ஆம் பிரிவின் கீழ் 50,000 ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். கட்டுகிறவர் வாதி. அமீனாவும் இல்லை, கோர்ட்டும் இல்லை, அரசும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் இந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று. தவறான ஜப்தி என்று நமக்கே தெரிந்தாலும் அமீனாவைக் கை நீட்டி அடிக்கக் கூடாது. அரசு ஊழியர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் சட்டப்படி முழுக்கச் சரியில்லை என்றாலும், உயிருக்கோ உடம்புக்கோ பெருங்காயம் வரும் என்ற அச்சம் இல்லாதவரை, தற்காப்பு உரிமை கிடையாது. பழைய இ.பி.கோ. 99ஆம் பிரிவு இது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 37. ஊரில் பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். நியாயம் தன் பக்கம் இருக்கிறதே என்று அமீனாவின் சட்டையைப் பிடிக்கிறார்கள். சிவில் கேஸாக இருந்தது கிரிமினல் கேஸாகிவிடுகிறது.

இப்படி ஒரு பாதுகாப்பு ஏன் வந்தது? அந்தக் கதை பாட்னாவில் தொடங்குகிறது. நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் அதைப் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சையோடு மறந்தும் விடுகிறார்கள். நம் மக்கள் அறிய வேண்டிய கதை அது.

1776இல் பாட்னாவில் ஷாபாஸ் பேக் கான் என்ற செல்வர் வாரிசில்லாமல் இறந்தார். மனைவி நாதிரா பேகம் சொத்து தனக்கு எழுதி வைக்கப்பட்டது என்றார். சகோதரர் மகனான பகதூர் பேக் தன்னையே வாரிசாக வளர்த்தார் என்றார். வழக்கு கம்பெனியின் பாட்னா மாகாணக் கவுன்சிலுக்குப் போனது. கவுன்சிலில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் தெரியாது. தங்கள் காஜியையும் இரண்டு முஃப்திகளையும் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். சட்டத்தைச் சொல்ல வேண்டிய அந்த மூவரும் சாட்சியையும் விசாரித்தார்கள், சொத்தையும் பட்டியல் போட்டார்கள், வீட்டையும் பூட்டினார்கள். விசாரணையும் தீர்ப்பும் நிறைவேற்றமும் ஒரே கையில். பேகம் தன் ஆட்களோடு ஒரு தர்காவில் தஞ்சம் புகுந்தார்.

பிறகு அவர் செய்ததுதான் அசாத்தியம். கல்கத்தாவில் ராஜாவின் பெயரால் புதிதாக வந்திருந்த சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பகதூர் பேக் மீதும், காஜி, முஃப்திகள் மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி எலைஜா இம்பே. உங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை நீங்கள் இன்னொருவருக்கு ஒப்படைக்க முடியாது, ஆகவே காஜி செய்ததெல்லாம் அத்துமீறல் என்று 1779இல் தீர்ப்பு வந்தது. மூன்று லட்ச ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் காலத்து மூன்று லட்சம்! காஜியால் அதை ஏழு பிறவியிலும் கட்ட முடியாது. கைது செய்து கல்கத்தாவுக்குக் கொண்டு போனார்கள். வயதான காஜி வழியிலேயே இறந்தார். முஃப்திகள் சிறையில் கிடந்தார்கள்.

உள்ளூர் நீதிக்காரர்கள் மத்தியில் பீதி பரவியது. வெள்ளைக்காரக் கவுன்சில் சொன்னதைச் செய்தவர்கள் சிறையில், சொன்னவர்கள் பங்களாவில். இனி எவன் தீர்ப்புச் சொல்ல வருவான்? லண்டன் பாராளுமன்றம் 1781இல் ஒரு சட்டம் போட்டது. முஃப்திகளை விடுவிக்க வழி செய்ததோடு, உள்நாட்டுக் கோர்ட்டுகளின் நீதிபதிகள் மீது, அவர்கள் தந்த தீர்ப்புக்காகச் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்றும் எழுதியது. பிறகு நதியா ஜில்லா மாஜிஸ்திரேட் ஹால்கெட் மேல் கால்டர் என்ற வெள்ளைக்காரர் போட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், அதிகாரம் இல்லை என்று தெரிந்தே செய்திருந்தால் ஒழிய மாஜிஸ்திரேட் பொறுப்பில்லை என்று முடிந்தது. இந்த இரண்டு இழைகளையும் சேர்த்து முறுக்கியதுதான் 1850இன் சட்டம்.

இந்தக் கதையில் நான் காஜியின் பக்கமா, பேகத்தின் பக்கமா என்று கேட்டால், இருவர் பக்கமும். பேகத்துக்கு அநீதி நடந்தது உண்மை. காஜியைச் சாகடித்ததும் அநீதி. பாராளுமன்றம் காஜிகளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தது. அடுத்த நாதிரா பேகத்துக்கு நஷ்டத்தை யார் தருவது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டது. அன்று விட்டது இன்னும் எடுக்கப்படவில்லை.

நம் பக்கத்தில் காஜியின் இடத்தில் இருந்தவர் கிராம முன்சீப். மணியக்காரர் என்றால் இன்னும் சிலருக்குப் புரியும். ரெட்டிபாளையமும் சுற்றுவட்டாரமும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம் அது. 1816இன் சென்னை ஒழுங்குமுறைச் சட்டங்கள் அவரைச் சின்ன நீதிபதியாக்கின, 1889இன் கிராம நீதிமன்றச் சட்டம் அதைப் புதுப்பித்தது. வரி வசூலும் அவரே, சில்லறைக் கடன் வழக்கும் அவரே, சில்லறை அடிதடியும் அவரே. 1816இன் 11ஆவது ஒழுங்குமுறை அவருக்குத் தந்த தண்டனை அதிகாரத்தைப் படித்தால் இன்றைக்கும் வயிறு எரியும். சில்லறைக் கைகலப்புக்குச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி' என்றால் ஆறு மணி நேரம் தொழுவில் மாட்டலாம், அதாவது துளையிட்ட கட்டைக்குள் காலை நுழைத்துப் பூட்டி வெயிலில் உட்காரவைக்கலாம். குற்றம் ஒன்று, தண்டனை சாதிக்கு ஒன்று. சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. சுப்ரீம் கோர்ட்டும் 1982இல் சரி என்றது. ஊரில் பலருக்கு அது விடுதலை. நீதிக்காரருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பேசும்போதெல்லாம் இந்தத் தொழுக்கட்டையும் நினைவுக்கு வர வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். பாதுகாக்கப்பட்ட கை எப்போதும் நல்ல கையாக இருந்ததில்லை.

நாட்டு விடுதலைக்குப் பிறகு நீதிபதிக்கான பாதுகாப்பு குறையவில்லை, கூடியது. நீதிபதிகள் (பாதுகாப்பு) சட்டம், 1985. பழைய சட்டம் சிவில் வழக்கைத்தான் தடுத்தது. புதியது சிவில், கிரிமினல் இரண்டையும் தடுக்கிறது. பதவியில் இருப்பவர், இருந்தவர் எவர் மீதும், நீதிக் கடமையிலோ அலுவல் கடமையிலோ செய்ததற்கும் சொன்னதற்கும் எந்தக் கோர்ட்டும் வழக்கை ஏற்கக் கூடாது. பழைய சட்டத்தில் இருந்த 'நல்லெண்ணத்தோடு' என்ற நிபந்தனை இதில் இல்லை. மத்திய, மாநில அரசும் ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு வாசல் மட்டும் விடப்பட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த வாசலில் சாவி கிடையாது. கவனியுங்கள், இந்தப் புதிய கவசம் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அமீனாவுக்கு இன்னமும் அந்த 1850இன் பழைய சட்டைதான். மேலே போகப் போகக் கவசம் தடிக்கிறது. கீழே வரவர மெலிகிறது. அடி விழுவதோ கீழே இருப்பவர் மேல்.

நீதிபதி கெட்ட எண்ணத்தோடே தீர்ப்புச் சொன்னார் என்று ஒருவர் சொல்ல விரும்பினால்? ஆந்திரத்தில் ராசபுடி சுப்பாராவ் என்பவர் தனக்கு எதிராகத் தீர்ப்புத் தந்த சார்பு நீதிபதிக்கே நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அவருக்குக் கிடைத்தது கோர்ட் அவமதிப்புத் தண்டனை. சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதிகார எல்லைக்குள் இருந்தால் நீதிபதியின் நோக்கத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை, எல்லைக்கு வெளியே போய், அதுவும் நல்லெண்ணம் இல்லாமல் போயிருந்தால் மட்டுமே பாதுகாப்பு விலகும் என்பது 1980களின் தொடக்கத்தில் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம். மறுபக்கம், நீதிபதி அங்கியைக் கழற்றிவிட்டு அதிகாரியாக நடந்துகொண்டால் கவசமும் கழன்றுவிடும். மேலதிகாரி சொன்னார் என்று ஒருவரைக் கைது செய்ய உத்தரவிட்ட அஸ்ஸாம் மாஜிஸ்திரேட் ஒருவர் விஷயத்தில், அது நீதிக் கடமை அல்ல, நிர்வாக வேலை, ஆகவே நஷ்டஈடு கட்டு என்று சுப்ரீம் கோர்ட் 1965இல் சொன்னது. கோட்டாட்சியரும் தாசில்தாரும் நிர்வாக நடுவர்களாகவும் உட்காரும் நம் ஊருக்கு இது முக்கியமான கோடு.

அந்தக் கோட்டில் தமிழ்நாடு அண்மையில் தடுக்கி விழுந்தது. மாநகரங்களில் போலீஸ் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் அதிகாரத்தை 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் கொடுத்தன. நன்னடத்தைப் பத்திரத்தை மீறினார் என்று பிடித்து வருவதும் போலீஸ், உள்ளே போடு என்று சொல்வதும் போலீஸ். 2023 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அரசாணைகளைச் செல்லாது என்று அடித்தது. நல்லது. அதற்குள் அந்த ஆணைகளின் பேரில் சிறையில் நாட்களைக் கழித்தவர்கள்? அதிகாரம் இருப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பிய அதிகாரியை 1850இன் சட்டம் காக்கும். அரசாணையே கையில் இருந்தபோது நம்பாமல் என்ன செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு விலை போட்டுத் தருவது யார் வேலை என்று கேட்கிறேன்.

நீதிபதிக்குக் கவசமே வேண்டாம் என்று ஒரு கட்சி பேசுகிறது. சாத்தான்குளம் நடந்தபோது நாடே அப்படித்தான் கொதித்தது. 2020 ஜூனில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் நிலையத்தில் இரவு முழுக்க அடிபட்டு, மறுநாள் மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்ட் என்பது ரப்பர் ஸ்டாம்ப் ஆகிவிட்டது, அவர்கள் நிலையை மாஜிஸ்திரேட் சரியாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நியாயமான கோபம். ஆனால் அதே சம்பவத்தில் இன்னொரு மாஜிஸ்திரேட்டும் இருக்கிறார். ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை அனுப்பிய கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன். சாத்தான்குளம் நிலையத்துக்குள் போய் விசாரித்தபோது போலீசார் ஒத்துழைக்கவில்லை, ஒரு காவலர் அவரையே இழிவாகப் பேசினார். அதையும் எழுதி ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். தலைமைக் காவலர் ரேவதி அவரிடம்தான் உண்மையைச் சொன்னார். சொந்தச் சொத்தின்மேல் வழக்கு வரும் என்ற பயம் இருந்தால் பாரதிதாசன்களும் தயங்குவார்கள். குஜராத்தில் நதியாத் தலைமை மாஜிஸ்திரேட்டை 1989இல் உள்ளூர் போலீசார் நிலையத்துக்கு வரவழைத்து, வலுக்கட்டாயமாகச் சாராயம் ஊற்றி, விலங்கு மாட்டி, கயிற்றால் கட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் சென்றார்கள். அவர் செய்த தவறு, போலீஸ் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டது. சுப்ரீம் கோர்ட் 1991இல் அந்தப் போலீசாரைத் தண்டித்து, மாவட்ட நீதிபதிக்குத் தெரிவிக்காமல் நீதித்துறை அலுவலரைக் கைது செய்யக் கூடாது என்று விதி வகுத்தது. கீழ்க் கோர்ட் நீதிபதி அவ்வளவு எளிதாக மிதிபடக் கூடியவர். கவசம் வேண்டும்.

வேண்டுமென்றே செய்யும் அயோக்கியத்தனத்துக்குக் கவசம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்ட விரோதம் என்று தெரிந்தே ஊழல் நோக்கோடு தீர்ப்பு எழுதினாலும், ஒருவரைச் சிறைக்கு அனுப்பினாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 257, 258 பிரிவுகளில் ஏழாண்டு வரை சிறை உண்டு, ஏட்டில். வழக்குத் தொடர அனுமதி வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அரசு 120 நாளில் முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம். லஞ்சத்துக்கோ எவருக்கும் விலக்கில்லை. சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது போடப்பட்ட சொத்துக் குவிப்பு வழக்கில்தான், ஹைகோர்ட் நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் அரசு ஊழியரே என்று சுப்ரீம் கோர்ட் 1991இல் தீர்ப்பளித்தது. ஜப்தி நோட்டீஸுக்குப் பணம் கேட்கும் அமீனாவுக்கு ரசாயனப் பொடி தடவிய நோட்டு போதும்.

சிக்கல் அயோக்கியர்களிடம் இல்லை. நல்லவர்கள் செய்யும் பிழைகளில் இருக்கிறது. கவசம் இருந்துவிட்டுப் போகட்டும், இழப்பீட்டையும் மறந்துவிடு என்றால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா ஓர் உதாரணம். 1971இல் ஒரு தாய் தன் பதினைந்து வயது மகள் லிண்டாவுக்குக் கருத்தடை அறுவை செய்ய அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு போனார். உள்ளூர் நீதிபதி ஹெரால்ட் ஸ்டம்ப், விசாரணை இல்லாமல், அந்தப் பெண்ணுக்குத் தெரிவிக்காமல், கையெழுத்துப் போட்டார். குடல்வால் அறுவை என்று சொல்லி லிண்டாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கல்யாணமாகிக் குழந்தை இல்லையே என்று தேடியபோதுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1978இல், ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், நீதிபதிக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு. லிண்டா நீதிபதியிடம் ஒரு காசும் வாங்க முடியவில்லை.

அதே 1978இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரு டிரினிடாட் வழக்கு முடிந்தது. வக்கீல் ரமேஷ் மகராஜ். வடஇந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. 1975இல் ஒரு நீதிபதி, அவர் பெயரும் மகராஜ்தான், இந்த வக்கீலைக் கோர்ட் அவமதிப்பு என்று ஏழு நாள் சிறைக்கு அனுப்பினார். என்ன குற்றம் என்று அவருக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. பிரிவி கவுன்சில் சொன்னது இதுதான்: நீதிபதி தன் கையிலிருந்து ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கட்டும். ஆனால் அரசியலமைப்பு தந்த உரிமையை நீதித்துறை என்ற அரசின் ஓர் அங்கம் பறித்திருக்கிறது. ஆகவே அரசு கட்ட வேண்டும்.

பாட்னா காஜி காலத்திலிருந்து விட்டுப்போன கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தீர்ப்பை நம் சுப்ரீம் கோர்ட் நன்றாக அறியும். ஒடிசாவில் நீலபதி பெகரா என்ற தாயின் 22 வயது மகன் போலீஸ் காவலில் எடுக்கப்பட்டு ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தான். 1993இல் அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னபோது, சுப்ரீம் கோர்ட் துணைக்கு அழைத்தவற்றில் டிரினிடாட் மகராஜும் ஒன்று. அதற்குப் பத்தாண்டு முன்பே, விடுதலை ஆன பிறகும் 14 ஆண்டு பீகார் சிறையில் கிடந்த ருதுல் ஷாவுக்கு மொத்தம் 35,000 ரூபாய் தரவைத்ததும் அதே கோர்ட். போலீசின் தவறுக்கும் சிறையின் தவறுக்கும் அரசைக் கட்டவைத்த கை, தன் வீட்டுத் தவறு என்றதும் பையில் போய்விடுகிறது.

ஆகவே என் கோரிக்கை நீதிபதிக்கு எதிரானது அல்ல, அமீனாவுக்கு எதிரானதும் அல்ல. நாளைக்கே ஒரு மாஜிஸ்திரேட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொறுப்பேற்பு என்றதும் பதவி விலகலைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதற்கு அரியலூரே காரணம் என்றும் சொல்லலாம், 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்ததற்காக லால் பகதூர் சாஸ்திரி விலகியது இந்த மண்ணின் சம்பவம். விலகல் கண்ணியம்தான், அதனால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. நான் கேட்பது கஜானாவை. மேல் கோர்ட் ஓர் உத்தரவை அதிகாரமே இல்லாதது என்று ரத்து செய்யும்போது, அதனால் ஒருவர் சிறையிலோ தெருவிலோ நின்றிருந்தால், அதே தீர்ப்பில் அவருக்கு ஒரு தொகையும் எழுதப்பட வேண்டும். கட்டாவிட்டால் இ.பி. போடட்டும். அமீனா கலெக்டர் அலுவலகத்துக்குப் போகட்டும். வழி அவருக்குத் தெரியும்.

டெல்லி இதைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதற்கு எழுத்துச் சாட்சி உண்டு. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. சட்ட விரோதமாகச் சிறைப்பட்டவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்று அதன் 9ஆம் விதி சொல்கிறது. எங்கள் சட்ட முறையில் அப்படி அரசிடம் வலியுறுத்திக் கேட்கும் உரிமை கிடையாது என்று அறிவித்துவிட்டே இந்தியா அதில் சேர்ந்தது. 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில், போலீஸ் மற்றும் அரசுத் தரப்பின் முறைகேட்டால் பொய்யாக வழக்கில் சிக்கியவர்களுக்கு அரசே இழப்பீடு தர வேண்டும், அதை விசாரிக்கத் தனிக் கோர்ட்டுகள் வேண்டும் என்றது. நீதிபதியின் பிழையை அந்த அறிக்கை முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவாவது நடந்ததா?

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிதாக வந்தன. எண்கள் மாறின, பெயர்கள் மாறின. காரணமில்லாமல் கைதானவருக்கு இழப்பீடு என்று ஒரு பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 358 என்ற எண்ணில் இருந்தது. புதியதில் அது 399. உச்சவரம்பு பழையபடி ஆயிரம் ரூபாய். அதையும் கட்ட வேண்டியவர் கைது செய்யவைத்த ஆள், அரசு அல்ல. அரியலூர் கோர்ட்டுக்கு இரண்டு வாய்தா போய் வந்தால் அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்கும் சரியாகப் போய்விடும்.